எந்த என்ஜின் என்று தெரியும்வரை கை நகரக் கூடாது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரவு நேரப் பயணம். விமானம் தரையைவிட்டு எழும்பிய சில நொடிகளில் இடது பக்கத்தில் மூன்று முறை பெரிய வெடிச்சத்தம். ஜன்னலுக்கு வெளியே ஆரஞ்சு நிற ஒளி. ஆனாலும் விமானம் திரும்பவில்லை, நேராகவே மேலேறியது. ஐந்து நிமிடத்துக்கு மேல் எந்த அறிவிப்பும் இல்லை. பிறகு ஒரு மணி நேரம் வட்டமடித்துவிட்டுப் புறப்பட்ட இடத்திலேயே இறங்கியது. ஏன் உடனே திரும்பவில்லை, ஏன் ஒருவரும் பேசவில்லை, அந்த நேரத்தில் என்னதான் செய்துகொண்டிருந்தார்கள், அதே விமானம் மறுநாள் பறக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பல ஆண்டுகள் சிமுலேட்டரில் விமானிகளுக்குப் பயிற்சி அளித்தவன். நீங்கள் சொல்லும் அந்த ஐந்து நிமிடத்தைக் காக்பிட்டின் பக்கத்திலிருந்து எண்ணற்ற முறை பார்த்திருக்கிறேன். வெளியே மௌனமாகத் தெரிந்த அந்த நேரத்தில் உள்ளே வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த வேலையின் முதல் பகுதி, சந்தேகத்துக்குரிய என்ஜினைத் தொடாமல் இருப்பது. அது ஏன் என்பதைத்தான் இந்தப் பதிலில் அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் அந்தச் சத்தம். ஜெட் என்ஜினின் முன்பகுதியில் கம்ப்ரெசர் இருக்கிறது. வரிசை வரிசையாகப் பொருத்திய சிறு தகடுகள் சுழன்று காற்றை உள்ளே இழுத்து, அழுத்தி, பின்னால் தள்ளுகின்றன. ஒரு பறவை உள்ளே போனாலோ, ஒரு தகடு உடைந்தாலோ, தேய்ந்துபோன பாகங்களால் காற்றோட்டம் குலைந்தாலோ, அந்தத் தகடுகளால் காற்றைப் பிடித்துவைக்க முடிவதில்லை. பின்னால் அழுத்தத்தில் இருந்த காற்று கண்ணிமைக்கும் நேரத்தில் முன்பக்கமாகப் பாய்கிறது. வேட்டு போட்டதுபோல் சத்தம் கேட்கிறது. எரிந்துகொண்டிருந்த எரிபொருள் முன்னாலும் பின்னாலும் சுடராக வெளியே வருகிறது. உடனே ஓட்டம் சீராகி மறுபடி அழுத்தம் ஏறுகிறது. காரணம் தீரவில்லையென்றால் மறுபடி வெடிக்கிறது. இதை 'சர்ஜ்' என்பார்கள். நீங்கள் கேட்ட மூன்று வெடிகளும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சர்ஜ் என்பதும் என்ஜினில் தீ என்பதும் ஒன்றல்ல. தீயை உணரும் கருவிகள் என்ஜினைச் சுற்றியுள்ள கூட்டுக்குள் இருக்கின்றன. வால்பக்கம் வெளியேறும் சுடர் அவற்றை எட்டுவதில்லை. ஆகவே ஜன்னலோரப் பயணி நெருப்பைப் பார்த்துப் பதறும் அதே நொடியில் காக்பிட்டில் தீ எச்சரிக்கை ஒலிக்காமலேயே இருக்கலாம். பெரும்பாலான பயணிகள் விமானங்களில் விமானியின் இருக்கையிலிருந்து என்ஜின்களைப் பார்க்கவும் முடியாது. அவருக்குத் தெரிவது ஒரு குலுக்கல், ஒரு சத்தம், திரையில் ஆடும் சில எண்கள், அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் திரும்ப வருவேன்.

அடுத்து, ஏன் நிறுத்தவில்லை, ஏன் திரும்பவில்லை என்ற கேள்வி. ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன்பு விமானத்தின் எடை, ஓடுபாதையின் நீளம், வெப்பநிலை, காற்று ஆகியவற்றைக் கொண்டு 'வி1' என்ற வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். புறப்பாட்டைக் கைவிடுவதென்றால் பிரேக் போடும் வேலை அந்த வேகத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் மிச்சமிருக்கும் ஓடுபாதை போதாது. ஓர் என்ஜின் நின்றாலும் மேலெழுவதுதான் பாதுகாப்பு. அதற்காகவே விமானம் வடிவமைக்கப்படுகிறது. இரட்டை என்ஜின் விமானம் ஓர் என்ஜினை இழந்த நிலையில், சக்கரங்களை உள்ளே இழுத்த பிறகு, குறைந்தது 2.4 சதவீத ஏற்றத்தில் மேலே போக வேண்டும் என்பது சான்றிதழ் விதி. முன்னோக்கிப் போகும் ஒவ்வொரு 1,000 அடிக்கும் 24 அடி உயரம். அதிகமில்லை, ஆனால் போதும். போகும் வழியில் மலையோ கோபுரமோ இருந்தால் அதைத் தவிர்க்கும் பாதையும் முன்கூட்டியே வரைந்து வைக்கப்பட்டிருக்கும்.

இந்தக் கணக்கு முழுவதும், ஏற்கெனவே சரிபார்த்த பாதையில், குறித்த வேகத்தில், அதிகம் சாயாமல் பறந்தால்தான் செல்லும். தரையிலிருந்து சில நூறு அடி உயரத்தில், இருப்பதிலேயே குறைந்த வேகத்தில், உந்துவிசையில் பாதியை இழந்த நிலையில் சட்டென்று திரும்பினால், சாய்வே அந்தச் சிறிய ஏற்றத்தைத் தின்றுவிடும். உங்கள் விமானி நேராகப் போனார் என்றால், அந்த நேரத்தில் வானில் இருந்த மிகப் பாதுகாப்பான இடத்துக்குப் போனார் என்று அர்த்தம்.

அந்த நொடிகளில் அவருடைய கைகால்கள் இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கும். இடது என்ஜின் பலம் குறைந்தால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். மூக்கை இடவலமாகத் திருப்பும் ரடர் பெடலை வலது காலால் மிதித்து நேராக்க வேண்டும். மூக்கின் உயரத்தைக் கொஞ்சம் தாழ்த்தி வேகத்தைக் காக்க வேண்டும். விமானம் உறுதியாக ஏறுகிறது என்று தெரிந்ததும் சக்கரங்களை உள்ளே இழுக்க வேண்டும். இருவரில் ஒருவர் பறப்பதை மட்டும் பார்ப்பார். மற்றவர் அளவிகளைப் பார்த்துக் கண்டதைச் சொல்வார். ஓடுபாதையிலிருந்து குறைந்தது 400 அடி உயரம் வரும்வரை வேறெதையும் தொடுவதில்லை என்பது பரவலான விதி. பல நிறுவனங்கள் அதைவிட அதிக உயரத்தை வைத்திருக்கின்றன. புறப்பாட்டுக்கான முழு உந்துவிசையை ஓர் என்ஜின் நின்ற நிலையில் பல விமானங்களில் 10 நிமிடம் வரை பயன்படுத்தலாம். அவசரப்படத் தேவையே இல்லை என்பதற்கு இந்த 10 நிமிடமே சாட்சி.

சிமுலேட்டரில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த காட்சி ஒன்று உண்டு. என்ஜினை நிறுத்திவிடுவேன். நல்ல அனுபவமுள்ள விமானியின் கை, அவருக்கே தெரியாமல், என்ஜினின் உந்துவிசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவரை நோக்கி நகரும். ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற தவிப்பு அது. அந்தக் கையை அடக்கக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலையில் பாதியாக இருந்தது. அப்படிக் கை முந்திக்கொண்டதால் நேர்ந்த இரண்டு விபத்துகளை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1989 ஜனவரி 8. லண்டன் ஹீத்ரோவிலிருந்து பெல்ஃபாஸ்ட் கிளம்பிய பிரிட்டிஷ் மிட்லண்ட் நிறுவனத்தின் போயிங் 737-400. கிளம்பிய 13 நிமிடத்தில், 28,000 அடியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தபோது, இடது என்ஜினின் விசிறித் தகடு ஒன்று முறிந்தது. கடும் அதிர்வு, காக்பிட்டில் புகைநாற்றம். எந்த என்ஜின் என்று தலைமை விமானி கேட்டார். துணை விமானி 'இடது' என்று சொல்லத் தொடங்கி, பாதியில் மாற்றி, 'வலது' என்றார். அதிர்வு தொடங்கிய அரை நிமிடத்துக்குள் வலது என்ஜினின் லீவர் பின்னால் இழுக்கப்பட்டது.

உடனே அதிர்வு குறைந்தது, நாற்றமும் அடங்கியது. இதில்தான் விதி விளையாடியது. லீவரை இழுக்கும்முன் உந்துவிசையைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோத்ராட்டிலைத் துண்டித்திருந்தார்கள். அதுவரை பழுதான இடது என்ஜினுக்கு எரிபொருளைக் கூட்டிக்கொண்டிருந்தது அந்தக் கருவிதான். அது நின்றதும் உடைந்த என்ஜின் ஓரளவு அமைதியானது. வலது என்ஜினை அடக்கியதால்தான் சரியானது என்று இருவரும் நம்பினார்கள். இரண்டு நிமிடத்துக்குச் சற்றுப் பிறகு வலது என்ஜினை முழுவதுமாக நிறுத்தினார்கள்.

அதிர்வைக் காட்டும் அளவி இடது பக்கம் உச்சத்தில் நின்றிருந்தது. ஆனால் அது புது மாதிரி விமானத்தின் சிறிய மின்னணு அளவி. பழைய விமானங்களில் அந்த அளவியை நம்ப முடியாது என்ற பேச்சு விமானிகளிடையே இருந்தது. புது மாதிரியின் திரைகளுக்காகத் தனியே சிமுலேட்டர் பயிற்சியும் தரப்படவில்லை. தான் எடுத்த முடிவை மறுபடி அலசிப் பார்க்கத் தலைமை விமானி ஒரு கட்டத்தில் வாயெடுத்தார். அதற்குள் ரேடியோவில் அழைப்பு வந்துவிட்டது. அந்த அலசல் மறுபடி நடக்கவே இல்லை. ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையத்தில் இறங்குவதற்காக இடது என்ஜினுக்குச் சக்தி கூட்டியபோது, ஓடுபாதைக்கு 2.4 கடல்மைல் தொலைவில் அது உடைந்துபோனது. கெக்வொர்த் என்ற ஊரின் அருகே எம்1 நெடுஞ்சாலையின் கரையில் விமானம் மோதியது. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள்.

என்னால் இன்றும் அமைதியாகச் சொல்ல முடியாத பகுதி வேறு. வலது என்ஜினில் கோளாறு, அதை நிறுத்திவிட்டோம் என்று தலைமை விமானி பயணிகளுக்கு அறிவித்தார். பின்னால் இருந்த பல பயணிகள் இடது என்ஜினில் தீப்பொறிகளைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். பணியாளர்கள் சிலரும் பார்த்திருந்தார்கள். விமானிக்குத் தெரியாமலா இருக்கும் என்று எண்ணி ஒருவர்கூடக் காக்பிட்டுக்குச் சொல்லவில்லை. என்ஜினைப் பார்க்க முடியாதவர் முடிவெடுத்தார். பார்க்க முடிந்தவர்கள் பேசாமல் இருந்தார்கள்.

இரண்டாவது விபத்து, 2015 பிப்ரவரி 4, தைபேயின் சொங்ஷான் விமான நிலையம். டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏடிஆர் 72-600, புரொப்பல்லர் விமானம். ஏறத்தாழ 1,200 அடி உயரத்தில் வலது என்ஜின் தொடர்பான எச்சரிக்கை ஒலித்தது. ஒரு மின்னணுக் கோளாறால், ஓடிக்கொண்டிருந்த அந்த என்ஜினின் புரொப்பல்லர் தகடுகள் தானாகவே காற்றை வெட்டாத நிலைக்குத் திரும்பிக்கொண்டன. இடது என்ஜின் முழு நலத்துடன் இருந்தது. அதைக்கொண்டே பத்திரமாக ஏறியிருக்கலாம். தலைமை விமானி ஆட்டோபைலட்டைத் துண்டித்தார். சில நொடிகளில் இடது என்ஜினின் லீவரைக் குறைக்கப்போவதாகச் சொன்னார். கொஞ்சம் பொறுங்கள், சரிபார்ப்போம் என்று துணை விமானி சொன்னார். தலைமை விமானி பொறுக்கவில்லை. நல்ல என்ஜின் நிறுத்தப்பட்டது. தவற்றை உணர்ந்தபோது உயரமும் இல்லை, நேரமும் இல்லை. ஒரு மேம்பாலத்தை உரசிக்கொண்டு விமானம் கீலுங் ஆற்றில் விழுந்தது. 58 பேரில் 43 பேர் உயிரிழந்தார்கள். எச்சரிக்கை ஒலித்ததற்கும் நீரில் விழுந்ததற்கும் இடையே இரண்டு நிமிடம்தான். அந்த இரண்டு நிமிடத்தில் ஒன்றும் செய்யாமல் நேராகப் பறந்திருந்தால்கூடப் போதுமாயிருந்தது.

இதனால்தான் இன்று ஓர் என்ஜினை நிறுத்துவது இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலையாக இருக்கிறது. ஒருவர் லீவரின் மேல் விரலை வைத்து, எந்த என்ஜின் என்று உரக்கச் சொல்வார், நகர்த்த மாட்டார். மற்றவர் அளவிகளையும் அந்த விரலையும் பார்த்து, சரி என்று சொன்ன பிறகே லீவர் பின்னால் வரும். எரிபொருள் சுவிட்சுக்கு மறுபடி அதே சடங்கு. தீயணைப்புக் கைப்பிடிக்கு மறுபடி. ஒவ்வொன்றுக்கும் நடுவே நிதானம். உண்மையிலேயே தீ என்றாலும் இந்த வரிசை மாறாது. போயிங் 737-இல் முதல் தீயணைப்பு உருளையைத் திறந்துவிட்டு 30 நொடி காத்திருந்து, தீ எச்சரிக்கை விளக்கு அணையாவிட்டால்தான் இரண்டாவதைத் திறப்பார்கள்.

காத்திருப்பது எல்லா நேரத்திலும் சரி என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 1991 டிசம்பர் 27, ஸ்டாக்ஹோமிலிருந்து கிளம்பிய ஸ்காண்டிநேவியன் நிறுவனத்தின் எம்டி-81. இறக்கையில் படிந்திருந்த கண்ணாடி போன்ற பனிக்கட்டி, எழும்பும்போது பெயர்ந்து, வால்பக்கத்தில் இருந்த என்ஜின்களுக்குள் போனது. வலது என்ஜின் சர்ஜ் ஆகத் தொடங்கியது. உந்துவிசையைப் போதுமான அளவு குறைத்திருந்தால் அது அடங்கியிருக்கும். விமானி கொஞ்சம் குறைத்தார். ஆனால் அவர்களுக்குத் தெரியாத ஒரு தானியங்கி அமைப்பு சக்தியை மறுபடி கூட்டிவிட்டது. அந்த அமைப்பு விமானத்தில் இருப்பதே அவர்களுக்குச் சொல்லித்தரப்படவில்லை. எழும்பி ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆனபோது இரண்டு என்ஜின்களும் சிதைந்தன. தலைமை விமானி ஸ்டெஃபான் ராஸ்முசென் கோத்ரோரா கிராமத்தருகே ஒரு வயலில் விமானத்தை இறக்கினார். அது மூன்று துண்டாக உடைந்தது. 129 பேரும் பிழைத்தார்கள். ஆகவே, விமானம் கட்டுப்பாட்டில் வந்து, எந்த என்ஜின் என்பது இருவருக்கும் உறுதியானதும், சர்ஜ் ஆகும் என்ஜினின் உந்துவிசையைத் தயங்காமல் குறைக்க வேண்டும். அப்படிக் குறைத்ததும் வெடிச்சத்தம் நின்று எண்கள் சீரானால், அந்த என்ஜினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டே வைத்திருப்பதும் உண்டு. நின்றுபோன என்ஜினைவிட மெதுவாக ஓடும் என்ஜின் மேல்.

"என்ஜினில் ஏதோ கோளாறு" என்ற சந்தேகம், "என்ஜின் நின்றுவிட்டது" என்ற உறுதியைவிடக் கடினம் என்பது என் அனுபவம். முழுதாக நின்ற என்ஜினின் எண்கள் எல்லாம் ஒன்றாக விழுந்துவிடும், குழப்பமே இல்லை. சர்ஜ் ஆகும் என்ஜினில் வாயுவின் வெப்பநிலை ஏறும், சுழற்சி ஆடும். முறிந்த தகடு என்றால் அதிர்வு விமானம் முழுவதும் பரவும், எந்தப் பக்கம் என்று உடலால் உணர முடியாது. சில நேரம் அளவியே பொய் சொல்லும். ஆகவே ஓர் எண்ணை மட்டும் நம்பாமல் சுழற்சி வேகம், வெப்பநிலை, எரிபொருள் ஓட்டம், எண்ணெய் அழுத்தம், அதிர்வு எல்லாம் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்த வாசிப்புக்குத்தான் உங்கள் ஐந்து நிமிடத்தில் பெரும்பகுதி போயிருக்கும். மிச்சம், கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு, ஆபத்து என்றால் 'மேடே' என்றும் அதைவிடக் குறைந்த அவசரம் என்றால் 'பான் பான்' என்றும் அறிவித்து, உயரமும் திசையும் கேட்டுப் பெற்று, செக்லிஸ்ட்டை வரிவரியாகப் படிப்பதற்கு. பறப்பது முதலில், வழி இரண்டாவது, பேச்சு மூன்றாவது. பயணிகளுக்கான அறிவிப்பு அந்தப் பேச்சிலும் கடைசி. அதற்கு முன்பு பணியாளர்களின் தலைவருக்குச் சொல்லியாக வேண்டும்: என்ன நடந்தது, என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு நேரம் இருக்கிறது, தனியாக ஏதேனும் ஆயத்தம் வேண்டுமா.

பயணிகளின் கோணத்திலிருந்து பார்த்தால் அந்த மௌனம் கொடுமையானது என்பதை மறுக்க மாட்டேன். "நிலைமை கட்டுப்பாட்டில் இருக்கிறது, பிறகு பேசுகிறேன்" என்ற ஒற்றை வரியைப் பணியாளர் மூலமாவது சீக்கிரம் சொல்லலாம். நல்ல விமானிகள் அதைச் செய்கிறார்கள்.

பிறகு அந்த ஒரு மணி நேரம். நீங்கள் பயணித்தது ஏ320 அல்லது 737 போன்ற விமானம் என்றால், அவற்றில் எரிபொருளை வானில் கொட்டும் வசதியே இல்லை. பெரிய நெடுந்தூர விமானங்களில்தான் அது உண்டு. புறப்படும்போது அனுமதிக்கப்படும் எடை, இறங்கும்போது அனுமதிக்கப்படும் எடையைவிட அதிகம். அதனால் வட்டமடித்து எரிபொருளை எரித்துத் தீர்க்கிறார்கள். தீ அணையவில்லை, அல்லது இன்னொரு என்ஜினும் சந்தேகம் என்றால் எடையைப் பார்க்காமல் உடனே இறங்குவார்கள். அதற்கும் விமானம் தாங்கும், பிறகு பரிசோதிக்க வேண்டும், அவ்வளவே. ஒரு மணி நேரம் வட்டமடித்தார்கள் என்றால், அவசரம் தீர்ந்துவிட்டது என்று அவர்கள் உறுதி செய்துகொண்டார்கள் என்றே கொள்ளலாம்.

2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய க்வான்டாஸ் ஏ380-இல் என்ஜின் ஒன்று வெடித்து, அதன் துண்டுகள் இறக்கையைத் துளைத்தன. தலைமை விமானி ரிச்சர்ட் டி கிரெஸ்பினியின் குழு திரையில் குவிந்த எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகத் தீர்க்கவே ஏறத்தாழ 50 நிமிடம் எடுத்துக்கொண்டது. கிளம்பி ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து இறங்கினார்கள். இறங்கிய பிறகும் பயணிகளை உடனே சறுக்குப்பாதைகளில் இறக்கவில்லை. இறக்கையிலிருந்து எரிபொருள் ஒழுகிக்கொண்டிருந்தது, பிரேக்குகள் தணலாய்ச் சுட்டன, இடது கோடி என்ஜின் நிறுத்தவே முடியாமல் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளேயே காத்திருக்க வைத்து, பிறகு படிக்கட்டு வழியே ஒரே பக்கமாக இறக்கினார்கள். 469 பேரில் ஒருவருக்கும் காயமில்லை. விமானத்திலிருந்து வெளியே ஓடுவதிலும்கூட முந்திக்கொள்ளாத குழு அது.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், தயவுசெய்து இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஜன்னல் வழியே தீயோ புகையோ, உடைந்த பாகமோ தெரிந்தால் பணியாளரை அழைத்துச் சொல்லுங்கள். இருக்கை வரிசை எண்ணையும், விமானம் போகும் திசையைப் பார்த்தபடி இடமா வலமா என்பதையும் சொல்லுங்கள்; பணியாளர் உங்களை நோக்கி நிற்பதால் அவருடைய இடம் உங்கள் வலமாக இருக்கும். அறிவிப்பு நீங்கள் பார்த்ததோடு பொருந்தவில்லையென்றால் வெட்கப்படாமல் மறுபடி சொல்லுங்கள். விமானிக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள்.

கடைசியாக, அதே விமானம் மறுநாள் பறக்குமா என்பது. வெடித்த என்ஜினின் பதிவான எண்களை முதலில் இறக்கிப் படிப்பார்கள். பிறகு போரோஸ்கோப் என்னும், முனையில் கேமரா பொருத்திய மெல்லிய குழாயை என்ஜினில் அதற்கென்றே வைத்திருக்கும் துளைகள் வழியே நுழைத்து, தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி, ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு தகட்டையும் பார்ப்பார்கள். விளிம்பில் ஒரு சிறு நெளிவு இருந்தால்கூட அதன் அளவை எடுத்துக் கையேட்டில் உள்ள வரம்போடு ஒப்பிடுவார்கள். வரம்புக்குள் இருந்தால் தரையில் முழு சக்தியில் ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். தாண்டியிருந்தால் அந்த என்ஜின் இறக்கையிலிருந்து கழற்றப்பட்டுப் பட்டறைக்குப் போகும். மாற்று என்ஜின் கையிருப்பில் இருந்தால் ஓரிரு நாளில் பொருத்திவிடுவார்கள். நீங்கள் மறுநாள் ஏறியது வேறு விமானமாக இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.